பொட்டவாட்டோமி மக்கள் ஏன் இத்தனை இடங்களில் சிதறிக் கிடக்கிறார்கள்?

கேட்கப்பட்ட கேள்வி இது: "அமெரிக்காவில் பொட்டவாட்டோமி என்ற பெயரில் மிச்சிகனில் ஒரு பழங்குடி அரசு இருக்கிறது, விஸ்கான்சினில் ஒன்று, கான்சஸில் ஒன்று, ஓக்லஹோமாவில் ஒன்று. இவர்கள் எல்லாரும் ஒரே மக்களா? 'கண்ணீர்ப் பாதை'யில் துரத்தப்பட்டவர்கள் இவர்கள்தானா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் குழப்பம் பலருக்கும் உண்டு. 'கண்ணீர்ப் பாதை' என்ற பெயர் தென்கிழக்கு அமெரிக்காவில் வாழ்ந்த செரோக்கி மக்களோடு சேர்ந்தது. பொட்டவாட்டோமிகள் நடத்திச் செல்லப்பட்டதற்கு வரலாற்றில் 'சாவுப் பாதை' என்று பெயர். இரண்டும் நடந்தது 1838ஆம் ஆண்டில்தான், இரண்டுக்கும் பின்னால் இருந்த சட்டமும் ஒன்றுதான். அதனால் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்வது எளிது.

முதல் கேள்விக்கு: ஆமாம், எல்லாரும் ஒரே மக்கள். மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே போய்விடு என்று 1830களில் அவர்களுக்கு உத்தரவு வந்தது. சில ஊர்கள் போயின. சில ஊர்கள் காட்டுக்குள் ஒளிந்தன. சிலர் எல்லை தாண்டிக் கனடாவுக்குப் போனார்கள். ஒருவர் காசு கொடுத்துத் தன் மண்ணையே திரும்ப வாங்கினார். இன்னொருவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார், அவரைக் கூண்டு வண்டியில் ஏற்றினார்கள். இன்றைய வரைபடத்தில் பொட்டவாட்டோமி என்று குறித்திருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் இப்படி ஒரு முடிவு இருக்கிறது.

அவர்கள் மொழியில் அவர்கள் பெயர் 'போடேவாட்மி'. நெருப்பைக் காப்பவர்கள் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். ஓஜிப்வே, ஒடாவா, பொட்டவாட்டோமி மூவரும் கிழக்கே கடலோரத்திலிருந்து பெரிய ஏரிகளை நோக்கி வந்த அண்ணன் தம்பிகள் என்பது இவர்களின் வாய்மொழி மரபு. ஓஜிப்வே மூத்தவர், ஒடாவா நடுவர், பொட்டவாட்டோமி கடைக்குட்டி. நெருப்பை அணையாமல் பார்த்துக்கொள்வது கடைக்குட்டியின் பொறுப்பு. மூவரும் சேர்ந்த அமைப்புக்கு 'மூன்று நெருப்புகளின் கூட்டணி' என்று பெயர்.

கோடையில் ஆற்றோரம் பெரிய ஊராகக் கூடி மக்காச்சோளமும் பீன்ஸும் பூசணியும் பயிரிடுவார்கள். குளிர்காலத்தில் சிறு சிறு குடும்பங்களாகப் பிரிந்து வேட்டைக்குப் போவார்கள். வசந்தத்தின் தொடக்கத்தில் மேப்பிள் மரத்தில் வெட்டுப் போட்டு, வடியும் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுப்பார்கள். எல்லாருக்கும் மேலே ராஜா என்று ஒருவர் கிடையாது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தலைவர், அவர் சொல்லை ஊர் மதித்தால்தான் அவர் தலைவர். பின்னால் நடந்தது புரிய வேண்டுமானால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்த மக்களுக்கும் சேர்த்து நிலத்தை எழுதிக் கொடுக்கும் அதிகாரம் அவர்களில் எவருக்குமே இருந்ததில்லை.

17ஆம் நூற்றாண்டில் கிழக்கிலிருந்து இரோக்வா கூட்டணியின் தாக்குதல் வந்தபோது மிச்சிகன் பகுதியை விட்டு, மிச்சிகன் ஏரிக்கு மேற்கே இன்றைய விஸ்கான்சினின் கிரீன் பே பக்கம் ஒதுங்கினார்கள். அங்கே பிரெஞ்சு வணிகர்களோடு உறவு ஏற்பட்டது. பீவர் என்ற நீர்வாழ் விலங்கின் தோல் அங்கிருந்து போகும், துப்பாக்கியும் இரும்புச் சட்டியும் துணியும் அங்கே வரும். பிரெஞ்சுக்காரர்கள் பலர் அங்கேயே பெண் எடுத்தார்கள், கத்தோலிக்கப் பாதிரிமார்களும் வந்தார்கள். அந்த நூற்றாண்டின் கடைசியில் மெல்லத் தெற்கே திரும்பி, 1800 வாக்கில் மில்வாக்கியிலிருந்து சிகாகோ வழியாக டெட்ராய்ட் வரை ஏரியைச் சுற்றி அவர்களின் ஊர்கள் இருந்தன.

போர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1763இல் பான்டியாக் என்ற ஒடாவா தலைவர் ஆங்கிலேயருக்கு எதிராக நடத்திய எழுச்சியில் செயின்ட் ஜோசப் கோட்டையைப் பிடித்தார்கள். 1795இல், போரில் தோற்ற பிறகு போட்ட கிரீன்வில் ஒப்பந்தத்தில், சிகாகோ ஆறு ஏரியில் கலக்கும் இடத்தில் ஆறு மைலுக்கு ஆறு மைல் நிலம் அமெரிக்காவுக்குப் போனது. அதில்தான் டியர்பார்ன் கோட்டை எழுந்தது. 1812 ஆகஸ்ட் 15 அன்று அந்தக் கோட்டையைக் காலி செய்து வெளியேறியவர்களைப் பொட்டவாட்டோமிகள் தாக்கினார்கள். கோட்டை எரிந்தது. அமெரிக்காவுக்கு எதிராகப் பழங்குடிகளை ஒன்று திரட்டிய ஷானி இனத் தலைவர் டெகும்சே அடுத்த ஆண்டு போரில் விழுந்ததோடு, ஆயுதத்தால் தடுக்கலாம் என்ற நம்பிக்கையும் போய்விட்டது.

அதற்குப் பிறகு அவர்கள் நிலத்தைப் பிடுங்கியது பெரும்பாலும் காகிதம்தான். அமெரிக்க அரசோடு பொட்டவாட்டோமிகள் போட்ட ஒப்பந்தங்கள் 40க்கும் மேல். இவ்வளவு ஒப்பந்தம் வேறு எந்தப் பழங்குடியோடும் போடப்படவில்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். அது எப்படி நடந்தது என்று பார்த்தால் வயிறு எரியும். வணிகர் கடனுக்குச் சரக்கு கொடுப்பார். தோல் வியாபாரம் படுத்ததும் கடன் ஏறிக்கொண்டே போகும். அரசு நிலத்தைக் கேட்கும்போது அந்த வணிகரும் பேச்சுவார்த்தைக்கு வந்து உட்காருவார், ஏனென்றால் நிலத்தின் விலையிலிருந்து அவருடைய பாக்கியை நேராகக் கழித்துக்கொள்ள ஒப்பந்தத்திலேயே இடம் உண்டு. 1833 சிகாகோ ஒப்பந்தத்தில் இப்படி வணிகர்களின் கணக்குக்கென்று ஒதுக்கிய தொகை ஒன்றரை லட்சம் டாலர். பேச்சு நடக்கும் இடத்தில் விஸ்கி பீப்பாய்கள் திறந்தே இருக்கும். ஒரு தலைவர் மறுத்தால், இணங்கும் இன்னொருவரைத் தேடிப் பிடிப்பார்கள். எல்லாருக்கும் மேலே ஒரு ராஜா இல்லாத மக்களிடம் அப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பது கடினமல்ல.

ஏன் இவ்வளவு அவசரம்? இண்டியானா 1816இலும் இல்லினாய் 1818இலும் மாநிலங்கள் ஆகிவிட்டன. 1825இல் ஈரி கால்வாய் திறந்ததும் கிழக்கிலிருந்து விவசாயக் குடும்பங்கள் அலையலையாக வந்தன. 1826 ஒப்பந்தத்தில் மிச்சிகன் ஏரியிலிருந்து தெற்கே ஒரு சாலை போடப் பொட்டவாட்டோமிகளிடமே நிலம் வாங்கினார்கள், அந்தச் சாலையே குடியேறிகளை அவர்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து விட்டது. 1830 மே 28 அன்று குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் இந்தியர் வெளியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். கிழக்கே உள்ள நிலத்துக்குப் பதிலாக மிசிசிப்பிக்கு மேற்கே நிலம் என்பதுதான் அதன் சாரம். 1833 செப்டம்பரில் சிகாகோவில், அது அப்போது சில நூறு பேர் வாழ்ந்த சேற்று ஊர், ஏறக்குறைய 50 லட்சம் ஏக்கரைக் கொடுத்துவிட்டு மேற்கே போக ஒப்புக்கொள்ள வைத்தார்கள்.

இனி மெனோமினி. இந்தக் கதையில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் மனிதர் இவர்தான்.

இண்டியானாவின் வடக்கே, ட்வின் லேக்ஸ் என்ற இரட்டை ஏரிப் பகுதியில் இவருடைய ஊர். 1832 ஒப்பந்தத்தில் இவருக்கும் வேறு சில தலைவர்களுக்கும் சேர்த்து 22 சதுர மைல், அதாவது 14,080 ஏக்கர், அவர்கள் நிலமாகவே ஒதுக்கப்பட்டிருந்தது. மெனோமினி மதப்பற்றுள்ளவர். குடிக்கக் கூடாது என்று தன் மக்களிடம் சொல்லி வந்தவர். ஞானஸ்நானம் பெற்றுக் கத்தோலிக்கர் ஆகியிருந்தார். ஊரில் மரத்தாலான ஒரு சிற்றாலயம், அதைச் சுற்றிக் குடிசைகள், வயல்கள். பழங்குடிகள் 'நாகரிகம்' அடைந்தால் அவர்களை விட்டுவிடலாம் என்று அந்தக் காலத்தில் நிறையப் பேர் பேசினார்கள். இந்த ஊர் அப்படித்தான் இருந்தது. அதனால் ஒரு பயனும் இல்லை.

1836 ஆகஸ்ட் 5 அன்று அரசின் பிரதிநிதி ஏபல் பெப்பர், அந்த 22 சதுர மைலை ஏக்கருக்கு ஒரு டாலர் வீதம் 14,080 டாலருக்கு எழுதி வாங்கினார். மற்ற தலைவர்கள் கைநாட்டு வைத்தார்கள். மெனோமினி வைக்கவில்லை. இரண்டு ஆண்டில் காலி செய்ய வேண்டும் என்பது விதி. மெனோமினி மனு மேல் மனு அனுப்பினார். அவருக்குத் துணையாக 1837 கடைசியில் ஓர் இளம் பாதிரியார் வந்தார்: பெஞ்சமின் பெத்தி, பிரான்சின் ரென் நகரத்துக்காரர், பாதிரியாராகும் முன் வழக்கறிஞராக இருந்தவர். சட்டம் தெரிந்தவர் என்பதால் அந்த ஒப்பந்தத்தில் இருந்த ஓட்டைகள் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தன. வாஷிங்டன் அசையவில்லை.

கெடு முடியும் சமயத்தில் மெனோமினி பேசியதாகப் பதிவான ஒரு பேச்சு உண்டு. அதன் சாரம் இது: குடியரசுத் தலைவருக்கு உண்மை தெரியாது, என்னைப் போலவே அவரையும் ஏமாற்றியிருக்கிறார்கள். என் இளைய தலைவர்களைக் குடிக்க வைத்துச் சம்மதம் வாங்கிவிட்டு, நானும் சம்மதித்ததாகச் சொல்கிறார்கள். நான் என் நிலத்தை விற்கவில்லை, விற்கவும் மாட்டேன்.

1838 ஆகஸ்ட் 5 வந்தது, போனது. அவர் நகரவில்லை. நிலத்தில் ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்ட குடியேறிகளுக்கும் ஊர்க்காரர்களுக்கும் சண்டை மூண்டது, சில குடிசைகள் கொளுத்தப்பட்டன. ஆளுநர் டேவிட் வாலஸ் இதையே காரணமாக வைத்து, ஜெனரல் ஜான் டிப்டனிடம் நூறு ஆயுதந்தாங்கிய தொண்டர்களைத் திரட்டச் சொன்னார். ஆகஸ்ட் மாதக் கடைசியில் பேச்சுவார்த்தை என்று சொல்லி மக்களைச் சிற்றாலயத்தின் அருகே கூட்டி, சுற்றி வளைத்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் ஆள் அனுப்பிப் பிடித்து வந்தார்கள். பிறகு குடிசைகளைக் கொளுத்தினார்கள், திரும்பி வர இடம் இருக்கக் கூடாது என்று.

செப்டம்பர் 4 அன்று 859 பேர் புறப்பட்டார்கள். கேட்டால் கேட்டுக்கொண்டே இருக்க முடியாத கதை இது, ஆனாலும் சொல்ல வேண்டும். அந்தப் பயணத்தின் அரசு நாட்குறிப்பு இருக்கிறது, பெத்தி எழுதிய கடிதங்கள் இருக்கின்றன, வழியில் அவர்களை நேரில் பார்த்த ஆங்கில ஓவியர் ஜார்ஜ் விண்டர் வரைந்த படங்கள் இருக்கின்றன. பொட்டவாட்டோமிகளின் நினைவை நம்பாதவர்கள்கூட மறுக்க முடியாத சான்றுகள் இவை. அந்த ஆண்டு கடும் வறட்சி. ஓடைகள் காய்ந்து கிடந்தன. தேங்கிய தண்ணீரைக் குடித்து டைஃபாய்டு பரவியது. இரண்டாம் நாளே 51 பேரை, நோயாளிகளையும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும், ஏற்றிச் செல்ல வண்டி இல்லாமல் வழியில் விட்டுவிட்டார்கள். அன்றே ஒரு குழந்தை இறந்தது. அதன் பிறகு நாட்குறிப்பில் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே வரிதான்: ஒரு குழந்தை இறந்தது, புதைத்தோம், புறப்பட்டோம்.

பெத்திக்கு ஆயரின் அனுமதி கிடைத்து, செப்டம்பர் நடுவில் இல்லினாயின் டான்வில் அருகே வந்து சேர்ந்துகொண்டார். அவர் கண்ட வரிசை இப்படி: முன்னால் அமெரிக்கக் கொடி, பிறகு அதிகாரிகளின் வண்டிகள், தலைவர்களை அடைத்த வண்டி, அப்புறம் ஒற்றை வரிசையில் இருநூற்றைம்பது முந்நூறு குதிரைகளில் ஆண்களும் பெண்களும் குழந்தைகளும், இரு பக்கமும் விரட்டிக்கொண்டு வரும் தொண்டர்கள். பின்னால் மூட்டை முடிச்சு ஏற்றிய வண்டிகள், அவற்றில் நோயாளிகள். மேலே போட்டிருந்த கித்தான் துணி வெயிலையும் புழுதியையும் தடுக்கவில்லை, காற்றைத்தான் தடுத்தது என்று எழுதுகிறார். இறந்துகொண்டிருந்த பச்சைக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதுதான் அவர் செய்ய முடிந்த முதல் வேலை. தலைவர்களுக்கு அவர் பிணை நின்ற பிறகு மெனோமினியை அந்த வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

ஒரு சிறு செய்தி என் மனதை விட்டு அகலவே இல்லை. ஸ்பிரிங்ஃபீல்ட் நகரத்துக்குள் நுழையும் முன், ஊர் பார்க்கும் என்பதால் பார்ப்பதற்கு நன்றாக உடுத்தி வரும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார்கள், அப்படி வந்தால் புகையிலை தருவதாகவும் சொன்னார்கள். வழியெங்கும் குழந்தைகளைப் புதைத்துக்கொண்டு வந்தவர்களிடம் இதைக் கேட்டார்கள்.

குவின்சியில் மிசிசிப்பியைக் கடந்து, மிசூரியைத் தாண்டி, நவம்பர் 4 அன்று இன்றைய கான்சஸின் ஒசாவடோமியை அடைந்தார்கள். 61 நாள், சுமார் 660 மைல். வந்து சேர்ந்தவர்கள் 756 பேர். வழியில் இறந்தவர்கள் 40க்கும் மேல், பெரும்பாலும் குழந்தைகள். மீதிப் பேர் தப்பித்து ஓடியிருந்தார்கள். போகிற இடத்தில் வீடு கட்டித் தருவோம் என்று சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் வீடு இல்லை, குளிர்காலம்தான் காத்திருந்தது. பெத்தி உடல் முழுக்க நோயோடு திரும்பும் வழியில், 1839 பிப்ரவரி 10 அன்று செயின்ட் லூயிஸில் இறந்தார். வயது 27. அவருடைய எலும்புகள் இன்று இண்டியானாவில் நோட்ர் டேம் பல்கலைக்கழக வளாகத்தில் மரத்தாலான சிற்றாலயத்துக்குள் இருக்கின்றன. மெனோமினி 1841இல், அவருடைய மக்கள் பின்னர் குடியமர்ந்த கான்சஸின் ஷுகர் க்ரீக் கத்தோலிக்க மிஷனில் காலமானார். தன் ஊரை அவர் மறுபடி பார்க்கவில்லை.

அவரோடு கதை முடியவில்லை. 1833 ஒப்பந்தத்தின்படி இல்லினாய், விஸ்கான்சின் பக்கத்து ஊர்கள் பில்லி கால்டுவெல் போன்ற தலைவர்களோடு அயோவாவின் கவுன்சில் பிளஃப்ஸுக்குப் போயிருந்தன. 1846இல் அரசு மறுபடி வந்து, அவர்களையும் ஷுகர் க்ரீக்கில் இருந்தவர்களையும் கான்சஸ் ஆற்றங்கரையில் முப்பதுக்கு முப்பது மைல் நிலத்துக்கு மாறச் சொன்னது. இரண்டாவது வீட்டையும் விட்டுவிட்டுப் போனார்கள்.

அங்கும் நிம்மதி இல்லை. ரயில் கம்பெனிகளுக்கு நிலம் தேவைப்பட்டது. 1861 ஒப்பந்தத்தில் மக்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பெரும்பான்மையினர், ஏறக்குறைய 1,400 பேர், ஆளுக்கொரு தனிப் பட்டாவும் அமெரிக்கக் குடியுரிமையும் பெற ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்கள் நிலம் ஊருக்குப் பொது, கூறு போட முடியாது என்று நின்றார்கள். இவர்களுக்குப் பதினொன்றுக்குப் பதினொரு மைல் சதுரம் ஒதுங்கியது. இவர்கள்தான் இன்று கான்சஸில் உள்ள பிரெய்ரி பேண்ட், அதாவது புல்வெளிப் பிரிவு. மீந்த நிலத்தில் 3 லட்சம் ஏக்கருக்கு மேல் சான்டா ஃபே ரயில் கம்பெனிக்கு ஏக்கர் ஒரு டாலருக்குப் போனது.

தனிப் பட்டா வாங்கியவர்களின் கதி சீக்கிரமே தெரிந்துவிட்டது. பொதுச் சொத்தாக இருந்தவரை யாரும் தனியாக விற்க முடியாத நிலம், பட்டா ஆனதும் வரிக்கும் கடனுக்கும் ஏமாற்றுக்காரர்களுக்கும் போயிற்று. மிஞ்சியதை வைத்து 1867 ஒப்பந்தத்தின்படி இன்றைய ஓக்லஹோமாவின் ஷானி நகரப் பக்கம் காசு கொடுத்து நிலம் வாங்கி, 1870களில் மூன்றாவது முறையாகக் குடிபெயர்ந்தார்கள். இவர்கள்தான் சிட்டிசன் பொட்டவாட்டோமி, இன்று எண்ணிக்கையில் மிகப் பெரிய பிரிவு. வாங்கிய அந்த நிலத்தையும் விடவில்லை: அதையும் பட்டாக்களாக அறுத்து, மீதியை 1891இல் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டார்கள்.

சரி, போகாதவர்கள் என்ன ஆனார்கள்? மிச்சிகனின் லியோபோல்ட் போகேகன் மெனோமினியிலிருந்து வேறு வழியைப் பிடித்தார். இரண்டு பேரும் கத்தோலிக்கர்கள், இரண்டு பேரும் போக மறுத்தவர்கள். ஆனால் போகேகன் 1833 பேச்சுவார்த்தையிலேயே தன் மக்கள் மிச்சிகனில் தங்கலாம் என்று தனி விதி எழுத வைத்துவிட்டார். கிடைத்த பணத்தில் சில்வர் க்ரீக் என்ற இடத்தில் நிலம் வாங்கிப் பத்திரம் பதிந்தார். 1840இல் ராணுவம் மறுபடி ஆள் பிடிக்க வந்தபோது, மிச்சிகன் உச்சநீதிமன்ற நீதிபதி ஒருவரிடம் சட்டக் கருத்து வாங்கிக் காட்டித் தடுத்தார். மெனோமினியின் மனுக்கள் செய்ய முடியாததைப் போகேகனின் பத்திரம் செய்தது. இதனால் மெனோமினிக்குச் சாமர்த்தியம் போதாது என்று சொல்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன். தன் சொந்த நிலத்தை ஒருவர் காசு கொடுத்து வாங்கினால்தான் அது அவருடையது என்று ஆக்கிய சட்டத்தில்தான் கோளாறு.

அதே 1840இல் தெற்கு மிச்சிகனிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட நொட்டாவசெப்பி மக்களில் மொக்வாகோ என்ற தலைவரும் சிலரும் இல்லினாயில் தப்பித்து நடந்தே திரும்பினார்கள், 1845இல் 120 ஏக்கர் வாங்கிக் குடியேறினார்கள். விஸ்கான்சினின் வடக்குக் காடுகளில் ஒளிந்தவர்களுக்கு 1913இல்தான் நிலம் கிடைத்தது, அவர்களே இன்றைய ஃபாரெஸ்ட் கவுண்டி பொட்டவாட்டோமி. ஆயிரக்கணக்கானோர் கனடாவுக்குப் போய் வால்போல் தீவு போன்ற இடங்களில் ஓஜிப்வே, ஒடாவா சகோதரர்களோடு கலந்தார்கள். போகேகன் பிரிவு தங்களை ஓர் அரசாக அமெரிக்கா மறுபடி ஏற்பதற்காக 1994 செப்டம்பர் வரை காத்திருந்தது. 1950களில் பிரெய்ரி பேண்டின் அந்தஸ்தையே ரத்து செய்ய அமெரிக்க நாடாளுமன்றம் பட்டியல் போட்டபோது, மின்னி எவன்ஸ் என்ற பெண் தலைவர் முன்னின்று அதைத் தடுத்தார்.

கடைசியாக ஷாபெனே. 1812 போரில் டெகும்சே பக்கம் நின்றவர், பிறகு சமாதானத்துக்கு மாறி, 1832இல் சாக் பழங்குடித் தலைவர் பிளாக் ஹாக் அமெரிக்காவோடு நடத்திய போரின்போது குடியேறிகளின் வீடு வீடாகப் போய் எச்சரித்து உயிர் காத்தவர். வெள்ளைக் குடியேறிகளின் நண்பர் என்று புகழப்பட்டவர். 1829 ஒப்பந்தத்தில் இல்லினாயில் அவருக்கு 1,280 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. 1849இல் அவர் கான்சஸில் உள்ள உறவினர்களைப் பார்க்கப் போயிருந்த சமயத்தில், நிலத்தைக் கைவிட்டுப் போய்விட்டார் என்று சொல்லி அரசு அதை ஏலத்தில் விற்றுவிட்டது. அவருடைய வழித்தோன்றல்கள் இருக்கும் பிரெய்ரி பேண்ட் அந்த நிலத்தைத் துண்டு துண்டாகக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டே வந்தது. 2024 ஏப்ரலில் அதில் 130 ஏக்கரைப் பழங்குடி அரசின் நிலமாக அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்டது. இன்றைய இல்லினாய் மாநிலத்தில் அப்படி ஏற்கப்பட்ட ஒரே நிலம் அதுதான். அடுத்த ஆண்டு அந்த மாநிலமே, ஷாபெனேயின் பழைய எல்லைக்குள் கிடக்கும் ஏரிப் பூங்காவையும் அவர்களிடம் ஒப்படைக்கச் சட்டம் போட்டது.